பதினொரு நிமிடம்

ஆராதனை தொடங்க இங்கே மணி அடிப்பதில்லை.
விளக்கை மூன்று முறை அணைத்துப் போடுவார்கள்.
பேச்சு நிற்கும், அதாவது
கைகள் மடிக்கு வரும்.

ஓலெசுன் துறைமுகத்துக்கு மேலே,
மீன்பெட்டிக் கிடங்குக்கு எதிரே,
காது கேளாதோர் சபை.
நவம்பர். நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
கைப்பேசிகளை வாசல் கூடையில் போட்டுவிட வேண்டும்:
ஒளி எங்கே மின்னினாலும் கண் அங்கே ஓடிவிடும்,
பிரசங்கம் அறுந்துபோகும்.

புதுப் போதகர் ரான்வெய்க்குக் கைமொழி இன்னும் திக்குகிறது.
அதனால் என்னைக் கூப்பிட்டார்கள், மணிக்கணக்குச் சம்பளத்துக்கு.
அப்பா அம்மா இருவரும் கேளாதவர்கள்;
பேச்சு வருமுன்னே விரலால் பால் கேட்டவள் நான்.
நம்புகிறாயா என்று
விண்ணப்பத்தில் கட்டம் எதுவும் இல்லை.

கேள்வியால்தான் விசுவாசம் வருமாம்.
ஓர் அப்போஸ்தலர் அப்படி எழுதிவிட்டுப் போய்விட்டார்.
இந்த முப்பத்திரண்டு பேருக்கும் கேள்வி இல்லை.
விசுவாசம் இருக்கிறது.
கேள்வி முழுவதும் எனக்கு.

இவர்கள் கண்ணை மூடி ஜெபிப்பதில்லை.
மூடினால் ஜெபமே போய்விடும்.
கடவுளிடம் பேசும்போதும் பக்கத்து வரிசை தெரிகிறது:
யார் அழுகிறார், யாருக்குப் புதுக் கம்பளிச் சட்டை.
கடைசி வரிசையில் குன்வோரும் அவள் தங்கையும்
பிரசங்கம் நெடுக முழங்காலுக்குக் கீழே வம்பளந்தார்கள்.
பார்த்தேன். மொழிபெயர்க்கவில்லை.

இயேசு என்றால்
ஒரு கையின் நடுவிரல் மறு உள்ளங்கையைத் தொடும்,
பிறகு கை மாறும்.
ஆணி இருந்த இடம்தான் பெயர்.
நாக்கு சொல்லும் பெயரோ
கழுவிக் கவிழ்த்த தட்டு.
சந்தேகக்காரச் சீடன் ஒரே ஒரு தடவை கேட்டதை
இவர்கள் சாப்பாட்டுக்கு முன்பெல்லாம் செய்கிறார்கள்.

தோர்லைஃபுக்கு வலக்கையில் நடுவிரல் கிடையாது.
வலை இழுக்கும் வின்ச் அதை எடுத்துக்கொண்டது,
எண்பத்தேழில், லோஃபோட்டன் கடலில்.
மிச்சக் கணுவால் உள்ளங்கையை அழுத்துவார்.
வேறு விரலை வைக்கலாமே என்று யாரோ யோசனை சொன்னபோது
போய் உன் வேலையைப் பார் என்றாராம்.

விசுவாசப் பிரமாணம். எழுந்து நின்றோம்.
சிலுவை. மரணம். அடக்கம்.
முப்பத்திரண்டு கைகள்
பாதாளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது
மின்சாரம் போய்விட்டது.

வெளியே புயல். ஊரே இல்லை.
பீடத்து மெழுகுவத்திகளும் மின்சார வகை,
காப்பீட்டுக்காரர் கட்டளை.
கேட்கிறவர்களாக இருந்தால் இருட்டிலும் மேலே சொல்லி
இரண்டே மூச்சில் அவரை எழுப்பியிருப்பார்கள்.
இங்கே முடியவில்லை.
அவர் கீழேயே இருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் போதகர், வாய்விட்டு.
அந்த அறையில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான்.

யாரோ காலால் தரையைத் தட்டினார்கள்.
பலகை வழியாக என் பாதத்துக்கு வந்தது.
இன்னொரு கால். இன்னொன்று.
இருக்கிறேன், இருக்கிறேன், நீ?
நானும் தட்டினேன். எதற்கென்று தெரியாது.

பிறகு ஒரு கை என் இடக்கையைத் தேடிப் பிடித்து
விரித்தது. கனமான, வெடித்த கை.
நடுவில் விரல் இல்லை,
முடிச்சு மாதிரி ஏதோ
உள்ளங்கையில் அழுந்தியது.
பெயரைச் சொன்னாரா,
விழுந்துவிடாதே பெண்ணே என்றாரா?
என் தொழிலில் இதற்கு அகராதி இல்லை.
கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

விளக்கு வந்தது.
எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம்.
சிலர் கை இன்னும் கீழ்நோக்கியே இருந்தது.
எங்கே விட்டோம் என்று போதகர் தடுமாற,
கடைசி வரிசையிலிருந்து குன்வோர்:
சீக்கிரம் எழுப்புங்கள், காப்பி ஆறுகிறது.

இரவு பில் எழுத உட்கார்ந்தேன்.
மொழிபெயர்த்த நேரம்: ஒரு மணி இருபது நிமிடம்.
பதினொன்றைக் கழிப்பதா,
கழித்தால் யாருக்குச் சேரும் என்று தெரியவில்லை.
கட்டத்தை நிரப்பாமல் மூடினேன்.

இடது உள்ளங்கையைப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.
கழுவாமல் படுத்துவிட்டேன்.